மொரீசியஸின் ராட்சத ஆமைகளை அழித்தது வறட்சியா, மனிதனா?

ஏரிக்கரை (பாலக்கோடு):
மொரீசியஸில் மார் ஓ சோஞ் என்று ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. 1865இல் டோடோ பறவையின் எலும்புகள் குவியலாகக் கிடைத்த இடம். ஆனால் அங்கே ராட்சத ஆமைகளின் எலும்புகள்தான் அதிகம். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சி வந்ததாம். மிஞ்சிய தண்ணீரைத் தேடி வந்த விலங்குகள் அங்கேயே மடிந்தன. எங்கள் ஏரி வற்றும்போது கடைசிக் குட்டையின் சேற்றில் மாடுகள் சிக்கிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆமைகளை அழித்தது இயற்கைதான். எதற்கெடுத்தாலும் மனிதன் மேல் பழி போடுவது சரியல்ல.

தளிக்காடு:
அண்ணா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த வறட்சியில் அத்தனை ஆமைகள் செத்தும் இனம் அழியவில்லையே! 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோதும் தீவில் ஆமைகள் இருந்தன. பக்கத்து ரோட்ரிக்ஸ் தீவைப் பாருங்கள். 1691இல் அங்கே போன பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா லெகா, தரையில் கால் படாமல் ஆமைகளின் முதுகு மேலேயே நூறு எட்டுக்கு மேல் நடக்கலாம் என்று எழுதி வைத்தார். 1800 வாக்கில் அங்கே ஆமையே இல்லை. நூறு வருஷத்தில் முடிந்துபோயிற்று.

ஏரிக்கரை (பாலக்கோடு):
சரி, ஆனால் தீவில் குடியேறிய கொஞ்சம் பேர் தின்றே தீர்த்திருப்பார்களா? ஏற்கெனவே நொடிந்திருந்த இனம் என்றால்தான் கணக்கு ஒத்துவருகிறது.

தளிக்காடு:
தீவில் தின்றது கொஞ்சம்தான். கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதுதான் அதிகம். ராட்சத ஆமை தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாலுமிகளுக்கு அது கெடாத இறைச்சி. அப்புறம் மனிதனோடு வந்த பன்றியும் எலியும் முட்டையையும் குஞ்சையும் தின்றன. கிடைத்த ஓடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கனக்கிறது. இந்தத் தீவுகளின் ஆமைகளுக்கு ஓடு மிக மெல்லியது. பிடித்துத் தின்னும் விலங்கே இல்லாத ஊரில் கெட்டி ஓடு எதற்கு? அந்த உடம்போடுதான் அவை பன்றிகளை எதிர்கொண்டன.

ஊத்தங்கரை ஆசிரியர்:
இருவருக்கும் ஒரு கேள்வி. மொரீசியஸ் கரையோரத்தில் இருக்கும் எக்ரெட் தீவில் இப்போது செஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவைச் சேர்ந்த வேறோர் இன ராட்சத ஆமைகளை விட்டிருக்கிறார்கள். அழிந்தது ஒன்று, கொண்டுவந்தது வேறொன்று. இது முறையா?

ஏரிக்கரை (பாலக்கோடு):
கூடாது ஐயா. வெளியிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடி நம் காட்டை எப்படி மூடிவிட்டது என்று தளித் தம்பிக்கே தெரியும்.

தளிக்காடு:
உண்ணிச்செடி புதிதாக ஓர் இடத்தைப் பிடித்தது அண்ணா. இந்த ஆமைகள் காலியாகக் கிடந்த இடத்துக்கு வந்தவை. ஆடு தின்ற வேலங்காயின் கொட்டை பட்டிச் சாணத்தில் முளைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எக்ரெட் தீவின் கருங்காலிப் பழத்தை இந்த ஆமைகள் தின்று, தாய்மரத்துக்குத் தூரமாகக் கொட்டையைப் போடுகின்றன. ஆமை வயிற்றில் போய்வந்த கொட்டை நன்றாக முளைக்கிறது என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஏரிக்கரை (பாலக்கோடு):
ஆமைகளை அழித்தது வறட்சி என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் தம்பி. மாற்று ஆமை விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அந்தக் கன்றுகள் மரமாகிப் பழம் விடட்டும், அப்போது பேசுவோம்.