மறு: நெகட்டிவ் ஸ்பேஸ் – 'வெள்ளிடை' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். வடிவமைப்பில் எழுத்தையோ உருவத்தையோ சுற்றி விடப்படும் வெளியை ஆங்கிலத்தில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'வெள்ளிடை' என்று வைக்கலாம் என்ற என் யோசனைக்கு வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> எதிர்மறை வெளி என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஐயா, அந்த நெருக்கம்தான் சிக்கல். எதிர்மறை என்றதும் இலக்கணம் படித்தவருக்கு 'வாரான், காணான்' நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு எதிர்மறை விமர்சனம். ஓர் ஆல்பத்தின் அட்டையில் எதிர்மறை வெளி நிறைய இருக்கிறது என்று எழுதினால், ஏதோ குறை சொல்கிறோம் என்றுதான் படிப்பார்கள்.

சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் இது முடியாது. ஓர் அட்டையில் பொருத்திப் பார்க்கலாம். பிரிட்டிஷ் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் 2024 ஜூனில் வெளியிட்ட 'பிராட்' ஆல்பத்தின் அட்டையை எடுத்துக்கொள்கிறேன். சதுரம் முழுக்க ஒரே பச்சை. நம் கிளிப்பச்சையில் மஞ்சளைத் தூக்கலாகக் கலந்த மாதிரி, கண்ணை உறுத்துகிற பச்சை. நடுவில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆல்பத்தின் பெயர், நான்கே எழுத்து, ஏரியல் வகை எழுத்துருவில், ஓரமெல்லாம் மங்கி. அவ்வளவுதான். பாடகியின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. படமே இல்லாத அட்டைப்படம்!

அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த அவரது 'கிராஷ்' ஆல்பத்தின் அட்டையில் அவரே நெற்றியில் ரத்தம் வழியக் கார் முகப்பின் மேல் இருந்தார். இதில் ஏன் முகம் இல்லை என்று ரசிகர்கள் கேட்டபோது, ஆல்பம் அட்டை என்றாலே பெண்ணின் முகமும் உடலும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது பெண்வெறுப்பு, சலிப்பூட்டுவதும்கூட என்று எக்ஸ் தளத்தில் பதில் எழுதினார். ஆக, முகம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் இடத்தில் வேண்டுமென்றே பச்சையை நிறுத்தியிருக்கிறார்கள்.

> வெற்றிடம்? பாடநூலில் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே.

அக்கா, இருக்கிற சொல் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். இயற்பியலில் அது காற்றில்லாத இடம். இலங்கையில் வேலை வெற்றிடம் என்றால் நிரப்ப வேண்டிய பதவி. தலைவர் ஒருவர் மறைந்தால் அரசியல் வெற்றிடம். எல்லாவற்றிலும் 'ஒன்று இல்லை, நிரப்ப வேண்டும்' என்ற தொனி இருக்கிறது. பிராட் அட்டையில் நிரப்ப எதுவும் பாக்கி இல்லை. பார்க்கப்போனால் எழுத்தைவிடப் பச்சைதான் அதிக வேலை செய்கிறது. 2024 ஜூலையில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கமலா ஹாரிஸின் பிரசாரக் குழு தன் எக்ஸ் கணக்கின் முகப்பைப் பச்சையாக்கி, அதே பாணி எழுத்தில் பெயரைப் போட்டதும், அது எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆல்பத்தின் பெயர் அங்கே தேவைப்படவே இல்லை.

இன்னொன்று. ஃபோனில் பாட்டுப் பட்டியலில் நகத்தளவு தெரியும்போது அந்த மங்கல் கண்ணுக்குப் படுவதில்லை. பெரிதாக்கினால்தான் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது போலத் தெரிகிறது. சுற்றிலும் இவ்வளவு பச்சையை விட்டிருப்பதால்தான் நகத்தளவிலும் அந்த நான்கு எழுத்து தனியாக நிற்கிறது. இதைத்தான் 'வெள்ளிடை மலை' என்கிறோம். மலை பெரியது என்பதால் மட்டும் பளிச்சென்று தெரிவதில்லை; சுற்றிலும் திறந்த வெளி இருக்கிறது, அதனால் தெரிகிறது. நெகட்டிவ் ஸ்பேஸ் செய்கிற வேலை அந்த மரபுத்தொடருக்குள்ளேயே இருக்கிறது. 'இடைவெளி'யை எழுத்துக்கும் வரிக்கும் நடுவே விடுவதற்கு ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். ஒரே கட்டுரையில் இரண்டும் வேண்டியிருக்கும்போது குழம்பும்.

> வெள்ளிடை என்றால் வெள்ளை இடம் என்று படிப்பார்களே. நீங்கள் காட்டும் அட்டையோ பச்சை!

நல்ல கேள்வி. பள்ளிகளில் பச்சைப் பலகை வந்த பிறகும் நாம் கரும்பலகை என்றுதானே சொல்கிறோம்? அப்புறம், வெள்ளிடை மலை என்பவர் யாரும் வெள்ளை மலையை நினைப்பதில்லை. பிராட் வெளியான சில நாளிலேயே மூன்று பாட்டு சேர்த்து இன்னொரு பதிப்பு வந்தது. அதன் அட்டை வெள்ளை, எழுத்து கறுப்பு. பச்சை அட்டைக்கு ஒரு சொல், வெள்ளை அட்டைக்கு வேறு சொல் என்று வைக்க முடியாது; இரண்டும் வெள்ளிடைதான். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. வெள்ளை அட்டையில் நம் கண் நேராக எழுத்துக்குப் போய்விடுகிறது. பச்சையில் முதலில் நிறம், பிறகுதான் எழுத்து. என் கணக்கில் பச்சைதான் துணிச்சலான வடிவமைப்பு. வெள்ளையை 1968-இலேயே பீட்டில்ஸ் இசைக்குழுவுக்காக ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் செய்துவிட்டார், அதுவும் பெயரை அட்டையில் புடைப்பெழுத்தாக மட்டும் அழுத்தி.

கூட்டுச்சொற்களும் சரியாகவே வருகின்றன: வெள்ளிடை விகிதம், வெள்ளிடை நிறம். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனத்தின் சின்னத்தில் ஈ-க்கும் எக்ஸ்-க்கும் நடுவே ஓர் அம்பு ஒளிந்திருக்கிறதே, அதையும் ஆங்கிலத்தில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்றே சொல்கிறார்கள். அங்கே அந்த வெளிதான் உருவமாகிவிடுகிறது. அதற்கு 'வெள்ளிடையுரு' என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நுழைய மறுக்கிறது. 'இடையுரு' என்று சுருக்கலாமா? வடிவமைப்புத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.