வூச் போனால் மனுஃபக்தூராவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

போலந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் வார்சா, கிராகூவ் என்று இரண்டு ஊரோடு முடித்துக்கொள்கிறார்கள். வூச் நகரத்துக்கும் (லோட்ஸ் என்றும் எழுதுவார்கள்) போங்கள், போனால் கடைவீதியோடு நிறுத்தாதீர்கள்.

எல்லோரும் முதலில் போவது மனுஃபக்தூரா. 19ஆம் நூற்றாண்டில் இஸ்ரயேல் போஸ்னான்ஸ்கி கட்டிய பருத்தி ஆலை, 2006இல் கடைகளும் உணவகங்களுமாக மாறியது. செங்கல் சுவர்களை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே முதலாளியின் அரண்மனை நகர அருங்காட்சியகமாக இருக்கிறது. அழகுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கும்போது இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்ட் பார்த்தார்கள் என்பது மனதில் ஏறவே ஏறாது.

எனக்கு அது ஏறியது பியோத்ர்கொவ்ஸ்கா தெருவின் தென்பக்கம், லுட்விக் கெயரின் வெள்ளை ஆலையில். 1839இல் இந்த ஊரின் முதல் நீராவி இயந்திரம் ஓடியது இங்கேதான், இப்போது ஜவுளி அருங்காட்சியகம். பழைய தறிகளுக்கு நடுவே பணியில் இருந்த ஒரு வயதான அம்மா, தானும் நெசவாலையில் வேலை பார்த்தவர் என்றார். அவர் போலிஷில் சொல்லச் சொல்ல, கூட வந்த மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு தறியை ஓட்டிக் காட்டினார்கள் பாருங்கள், அந்த ஒன்றே காதை அடைத்தது! ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கில் ஓடினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். உதட்டைப் பார்த்தே பேசப் பழகிவிடுவோம் என்றார், வீட்டுக்குப் போயும் கத்தித்தான் பேசுவோமாம்.

1971 பற்றியும் அவரே பேச்செடுத்தார். 1970 டிசம்பரில் அரசு உணவு விலையை ஏற்றியபோது வடக்கே கப்பல் கட்டும் ஊர்களில் போராடியவர்களைச் சுட்டார்கள், விலை இறங்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் வூச் ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலையை நிறுத்தினார்கள், பிரதமரே நேரில் வந்து பேசியும் மசியவில்லை, சில நாளில் அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய ஆலை எது தெரியுமா? போஸ்னான்ஸ்கியின் பழைய ஆலை, இன்றைய மனுஃபக்தூரா. அந்த அம்மாவின் தாயும் அப்போது போராட்டத்தில் இருந்திருக்கிறார், சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை.

அப்புறம் க்ஷென்ஜி ம்வின் பகுதி. கார்ல் ஷைப்லரின் நூற்பாலையும் அதன் எதிரே வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பும், பள்ளிக்கூடம் உட்பட எல்லாம் முதலாளி கட்டியது. 200 மீட்டருக்கு மேல் நீளும் ஆலைக் கட்டடம் இப்போது அடுக்குமாடி வீடுகள். தொழிலாளர் வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னல் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள்.

பவுத்தி பகுதியையும் விடக்கூடாது. 1940 முதல் 1944 வரை நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ அங்கேதான் இருந்தது, ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் பட்டறைகளும் அதற்குள்ளேயே. 2 லட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்த இடம். அவர்களைச் சாவு முகாம்களுக்கு ரயிலேற்றிய ராடெகாஸ்ட் நிலையம் நினைவிடமாக நிற்கிறது. ஊரின் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, அரைநாள் தனியாக ஒதுக்கிப் போங்கள், மற்ற இடங்களோடு சேர்த்து அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடியது இல்லை.