எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு: டேலி கணக்கு மென்பொருளில் தனி யூசர் போடாமல் பட்டவர்கள் சொல்லுங்கள்

விருதுநகர் பெயின்ட்கடை:
கடையில் ரெண்டு சிஸ்டம், நாலு பேர், ஒரே லாகின். அதுவும் அட்மின். பாஸ்வேர்டு கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது, சிரிக்காதீர்கள். மார்ச் கடைசியில் ஒரு கான்ட்ராக்டர் ரசீதோடு வந்து, 18,400 ரூபாய் கட்டியாச்சு, இன்னும் ஏன் பாக்கி காட்டுகிறீர்கள் என்கிறார். அவர் கையில் இருப்பது 213ஆம் நம்பர் ரசீது. திரையில் 213 வேறு பார்ட்டி. 214இல் இருக்கவேண்டிய ஆள் ஒரு படி ஏறி உட்கார்ந்திருக்கிறார். டேலியில் ஆட்டோமேட்டிக் நம்பரை, அழித்தால் மறுபடி வரிசையாக எண் போடும்படி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நடுவில் ஒன்றை அழித்தால் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்துவிடும், ஓட்டையே தெரியாது. யார் அழித்தது? எல்லாரும் ஒரே பெயரில்தானே உள்ளே போகிறோம். நான் ரசீது போடும் பெண்ணைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். "நான் அழிக்கல அண்ணாச்சி" என்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை. ரெண்டு மாதம் கழித்து என் தம்பி டீ குடித்துக்கொண்டே சொல்கிறான், "ஒரே தொகை ரெண்டு தடவை ஏறியிருந்துச்சு, தப்பா போட்டிருக்காங்கன்னு ஒண்ணைத் தூக்கிட்டேன்" என்று. அந்த ஆள் நிஜமாகவே ரெண்டு தடவை கட்டியிருக்கிறார்.

மதுரை கணக்கர்:
இதே மாதிரி ஒரு கிளையன்ட் இடத்தில், ரிட்டர்ன் எல்லாம் தாக்கல் செய்த பிறகு போன வருடக் கணக்கில் புதிதாக ஒரு பர்ச்சேஸ் முளைத்திருந்தது. அதை விடுங்கள், செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கம்பெனி ஆல்டர், அதாவது கம்பெனி விவரத்தைத் திருத்தும் இடத்துக்குப் போய் யூசர் கட்டுப்பாட்டுக்கு 'எஸ்' (Yes) போடுங்கள், அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் உங்களோடு மட்டும் இருக்கட்டும். அப்புறம் ஆல்ட்+கே அழுத்தி யூசர் ரோல்ஸ், அதாவது யாருக்கு என்ன உரிமை என்று வகுக்கும் இடம். அதில் டேட்டா என்ட்ரி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கும், அதையே அப்படியே கொடுக்காதீர்கள், அதை அடிப்படையாக வைத்து பில்லிங், ஸ்டோர் என்று தனித்தனி ரோல் உருவாக்குங்கள். இடது பக்கம் தடுக்கவேண்டியவை, வலது பக்கம் அனுமதிக்கவேண்டியவை. வவுச்சரை, அதாவது போட்ட பதிவைத் திருத்துவதை இடது பக்கம் போடுங்கள். பின்தேதி, அதாவது முந்தைய தேதியில் பதிவு போட எத்தனை நாள் வரை அனுமதி என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லாரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான். எல்லாம் முடிந்த பிறகுதான் யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ், ஆளுக்கு ஒரு பெயர். டேட்டாவையே பூட்டிவைக்கும் டேலி வால்ட் வேறு, இது வேறு. வால்ட் பாஸ்வேர்டு மறந்தால் டேட்டாவை மறந்துவிடலாம். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று பதிந்துவைக்கும் எடிட் லாகும் போட்டுவிடுங்கள், 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம்.

கோவை ஸ்பேர்பார்ட்ஸ்:
சார், அவர் யோசனை கேட்கவே இல்லை. அந்தக் கட்டாயம் கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு. பெயின்ட்கடை அண்ணாச்சி புரொப்ரைட்டராக இருந்தால் அவரை ஏன் பயமுறுத்துகிறீர்கள்? எடிட் லாக் போட்டாலும், நாலு பேரும் ஒரே லாகினில் போனால் நாலு திருத்தத்துக்கும் அதே ஒரு பெயர்தான் வரும்.

என் கதை நேர்மாறு. நான் இறுக்கிப் பிடித்தேன். பில் போடும் பையனுக்கு எதையும் திருத்த உரிமை கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி போயிருக்கிறேன், மலையில் பாதி ஏறியபோது போன். பார்ட்டி மாற்றி பில் போட்டுவிட்டானாம், கஸ்டமர் நகர மாட்டேன் என்கிறார். வேறு வழியில்லை, அட்மின் பாஸ்வேர்டைச் சொன்னேன். கூட்டத்து இரைச்சலில் நான் கத்த, அவன் அங்கே ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிக் கத்த, கடையில் எட்டுப் பேர் நின்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் எதிர்க்கடைக்காரர். பாஸ்வேர்டு என் மனைவி பெயரும் கல்யாண வருடமும். இப்போதும் என்னைப் பார்த்தால் அந்த வருடத்தைச் சொல்லிச் சிரிப்பார்.

சேலம் மாவுமில்:
டேலியாவது நம் கையில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு செய்தபோது கன்சல்டன்ட் தன் மொபைல் நம்பரையே கொடுத்துவிட்டார், நமக்கு அப்போது என்ன தெரியும். பீஸ் விஷயத்தில் மனக்கசப்பு. 20ஆம் தேதி 3பி என்ற ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடவேண்டும், ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது, "கல்யாண வீட்ல இருக்கேன், சாயங்காலம் பாக்கலாம்" என்கிறார். பின்னணியில் டிவி சீரியல் சத்தம். கடைசியில் வார்டு ஆபீசரிடம் பேப்பர்களோடு போய் நின்றுதான் நம்பரை மாற்றினேன். மதுரை சார் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாரையும் சொல்லவில்லை.

மதுரை கணக்கர்:
கோபம் இல்லை. ஆனால் பதிவு செய்யும்போது ஓனர் போனை எடுப்பதில்லை, அதையும் எழுதுங்கள்.

கோவை ஸ்பேர்பார்ட்ஸ்:
அண்ணாச்சி, அந்தப் பெண்ணிடம் பேசினீர்களா?

விருதுநகர் பெயின்ட்கடை:
பேசினேன். ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாளாம். திரும்ப வருகிறாயா என்று கேட்டேன், "இங்க எனக்குத் தனி யூசர் கொடுத்திருக்காங்க அண்ணாச்சி" என்றாள், வருகிறேன் வரவில்லை என்று எதுவும் சொல்லவில்லை. இங்கேயும் இப்போது ஆளுக்கு ஒன்று போட்டாயிற்று. தம்பிக்குத் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டேன், ஒரு வாரமாக வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சில்லை. மதுரை சார், பின்தேதி நாளை 2 என்று வைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் அதில் சேருமா?