அறையில் தங்கிப் படிப்பவரின் உணவும் உடற்பயிற்சியும்

கேள்வி:
மட்டக்களப்பில் அறை எடுத்துப் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். விரிவுரைக்கு ஓடும் அவசரத்தில் வெறும் தேநீரோடு புறப்பட்டு, பசி தாங்காமல் பத்து மணிக்கு இரண்டு ரோல்ஸ், இரவில் கொத்து ரொட்டி என்றே நாட்கள் கழிகின்றன. முதலாம் ஆண்டில் வாங்கிய காற்சட்டையின் பொத்தான் இப்போது பூட்ட வருவதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
காலை உணவிலிருந்து தொடங்குங்கள், தம்பி. இரவே பயறு ஊறவைத்தால், காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்ணலாம். அதன் புரதமும் நார்ச்சத்தும் பத்து மணிப் பசியைத் தள்ளிப்போடும்.

பதில் 2:
உணவு மட்டும் போதாது. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஜிம்முக்குப் பணம் கட்டாமலே, மாலையில் கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில், ஐந்து நாட்கள் அரை மணி நேரம் நடந்தாலே அது நிறைவேறும். திரும்பும்போது கொத்துக் கடையின் தகரச் சத்தம் கேட்கும். எனக்கும் அதுதான் சோதனை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பயறு இன்றிரவே ஊறும். பரீட்சைக் காலத்தில் அரை மணி நேரம் கிடைக்காதே?

பதில் 2:
பிரித்து நடவுங்கள். ஒரே மூச்சில் இத்தனை நிமிடம் என்ற குறைந்தபட்ச வரம்பு அந்தப் பரிந்துரையில் இல்லை.