ஹேர்பின் தண்டில் ஒரே ஒரு எல்-தைமிடின்: உருகுநிலை 8 டிகிரி இறங்குமா?

பழைய வண்ணை:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக மூன்று டிஎன்ஏ ஹேர்பின்கள் (ஒற்றை இழை தன் மேலேயே மடிந்து நிற்பவை) வாங்கினோம். தண்டில் ஆறு ஜோடி, வளைவில் நான்கு தைமின். ஒன்று சாதாரணம். இரண்டாவதில் தண்டின் நடுவே ஒரு தைமிடின் மட்டும் கண்ணாடிப் பிம்பம், அதாவது எல் வடிவம். மூன்றாவதில் அதே எல் வளைவில். யுவி ஒளி உறிஞ்சலை 260 நானோமீட்டரில் பார்த்தால் இரண்டாவதன் உருகுநிலை (பாதி ஹேர்பின்கள் பிரிந்துவிடும் வெப்பநிலை) 8 டிகிரி குறைவு, மூன்றாவது அசையவே இல்லை. உருகுநிலையைக் கணிக்கும் சாஃப்ட்வேரோ மூன்றுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது. சரக்கு தப்போ என்று கேட்டால், மாஸ் ஸ்பெக் (மூலக்கூறின் எடை பார்க்கும் சோதனை) சரியாக இருக்கிறது என்கிறார்கள் விற்றவர்கள். கைடு, இரண்டு இழைகள் சேர்ந்திருக்கலாம் என்கிறார். அப்புறம், 10 டிகிரியில் ஆரம்பித்தால் உறிஞ்சல் கோடு முதலில் இறங்கிவிட்டுத்தான் ஏறுகிறது. இதுவும் எல் செய்கிற வேலையா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
தம்பி, சாஃப்ட்வேருக்கு எல் என்றால் என்னவென்றே தெரியாது. அதில் இருப்பது இயற்கையான டி வடிவத்தின் அட்டவணை. டி இழைகள் வலப்பக்கம் முறுக்கும், எல் இழைகள் இடப்பக்கம். ஹைட்ரஜன் சிலிண்டரின் இடமரையில் சாதாரண ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் மாட்டிய எல்-தைமிடின் எதிரே உள்ள அடினினோடு ஜோடி சேரலாம். ஆனால் அதற்காக இழையின் முதுகெலும்பு அங்கே வளைந்துகொடுக்க வேண்டும், மேலும் கீழும் உள்ள ஜோடிகளின் அடுக்கு கெடும். தண்டின் நுனியில் வைத்திருந்தால் இழப்பு குறைவு, நுனி ஜோடி எப்படியும் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வளைவுத் தைமின்கள் யாரோடும் ஜோடி சேரவில்லை, அதனால் அங்கே அடி படவில்லை. எல்லா வளைவும் இப்படி இல்லை. ஜிசிஜிஏஏஜிசி என்ற ஏழெழுத்துக் குட்டி ஹேர்பின் 76 டிகிரி வரை தாங்குகிறது, வளைவுக்குள்ளேயே ஒரு ஜி-ஏ ஜோடி இருப்பது அதற்கு முக்கியக் காரணம். அங்கே கை வைக்க யோசிக்க வேண்டும்.

ராயபுரம் ஸ்பெக்ட்ரோ:
10 டிகிரி விவகாரம் நம் கடற்காற்றின் வேலை. குளிர்ந்த கியூவெட்டின் (கரைசல் வைக்கும் குப்பி) சுவரில் ஈரம் படர்ந்து ஒளியைச் சிதறடிக்கிறது. உலர் நைட்ரஜனை ஓடவிடுங்கள், இல்லையென்றால் 30 டிகிரியில் தொடங்குங்கள்.

கைடு கேட்பது நியாயமான கேள்வி. செறிவைப் பத்து மடங்கு மாற்றிப் பாருங்கள் (அடர்ந்த கரைசலுக்கு 1 மில்லிமீட்டர் கியூவெட்). ஒற்றை இழை தனக்குள் மடிந்திருந்தால் உருகுநிலை மாறாது. இரண்டு இழைகள் என்றால் செறிவோடு ஏறும். எப்படியும் 95 டிகிரியில் சூடாக்கி உடனே ஐஸில் வையுங்கள், மெதுவாக ஆறவிட்டால் இரண்டு இழைகள் ஒன்றோடொன்று சேர வாய்ப்பு அதிகம்.

மாஸ் ஸ்பெக்கை வைத்து எல்லா, டியா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் எடை ஒன்றே! பாம்பு விஷப் பாஸ்போடையெஸ்டரேஸ் போட்டு ஜெல் ஓட்டுங்கள். 3' முனையிலிருந்து தின்றுகொண்டு வரும் நொதி எல் இருக்கும் இடத்தில் தயங்கி நிற்கும்.

பழைய வண்ணை:
நைட்ரஜன் விட்டதும் அந்த இறக்கம் போய்விட்டது. செறிவை மாற்றியும் மூன்றும் அசையவில்லை. ஜெல் அடுத்த வாரம். ஒன்று எல் ஆனதற்கே 8 டிகிரி என்றால், முழுதும் எல் ஆக வாங்கினால் ஹேர்பினே நிற்காதா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
நன்றாகவே நிற்கும், சாதாரணத்தின் அதே உருகுநிலையில். முழுதும் எல் என்றால் எல்லாமே இடமரை, உள்ளே சண்டையில்லை. சிடி நிறமாலை (முறுக்கு வலமா இடமா என்று காட்டும் ஒளி அளவீடு) மட்டும் தலைகீழாக வரும், 275 நானோமீட்டர் பக்கம் மேடு இருந்த இடத்தில் பள்ளம். ஆர்டர் போடுமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.