மறு: மூச்சு மாதிரி இருக்கும், மூச்சு இல்லை: இதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எங்கள் குடியிருப்பில் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் பயிற்சிக்கு வருபவர்களுக்காக இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். மாரடைப்பு வேறு, இதயநிறுத்தம் வேறு என்பதில் போன வாரமே ஒத்துப்போய்விட்டோம். ரத்தக்குழாய் அடைத்தால் மாரடைப்பு. ஆள் பெரும்பாலும் வியர்த்தபடி பேசிக்கொண்டிருப்பார். இதயம் ரத்தம் தள்ளுவதையே விட்டுவிட்டால் இதயநிறுத்தம், ஆள் சரிந்துவிடுவார். மிச்சம் இருப்பது, சரிந்த ஆளிடம் மூச்சு மாதிரி விட்டுவிட்டு வரும் அந்த இழுப்புக்குத் தமிழில் ஒரு சொல். டாக்டர்கள் 'அகோனல் பிரீத்திங்' என்கிறார்களே, அதற்கு.

> 'மரண மூச்சு' என்றே வைத்துவிடலாம். 'சாமூச்சு' இன்னும் சுருக்கம்.

ஆங்கிலச் சொல்லும் சாகும் தறுவாயைத்தான் குறிக்கிறது, அந்த வகையில் பொருத்தம். எனக்கு உறுத்துவது வேறு. இதயம் நின்ற பிறகும் மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் ஓடுவதுதான் இந்த இழுப்பு. அரிசோனாவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், இப்படி இழுத்துக்கொண்டிருந்தவர்களில் 28 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். இழுப்பு இல்லாதவர்களில் 8 விழுக்காட்டினர்தான். அதாவது, காப்பாற்ற வாய்ப்பு அதிகம் உள்ள ஆளைப் பார்த்து நாம் 'சாமூச்சு' என்கிறோம். கேட்டவர் நெஞ்சில் கை வைப்பாரா, வாயில் பால் ஊற்றுவாரா?

> 'ஊர்த்துவ சுவாசம்' என்று பழைய சொல் இருக்கிறதே. தமிழில் 'மேல்மூச்சு'.

ஐயா சொல்வது சரி, எங்கள் அப்பாயியும் 'மேல்மூச்சு' என்றுதான் சொல்லும். ஆனால் இன்றைக்கு மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கிப்போனாலே நமக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது.

> யாழ்ப்பாணத்தில் 'சேடம் இழுக்குது' எண்டு சொல்லுவினம்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டைக்குள் கேட்கும் அந்தச் சத்தத்தை அப்படியே பிடித்த சொல். சிக்கல் என்னவென்றால், கேட்டவுடன் சளி என்று மனசு போகிறது. தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். இதயம் நின்ற ஆளை மல்லாக்கக் கிடத்த வேண்டும்.

'இழுப்பு' என்று மட்டும் வைக்கலாமா என்று நானே யோசித்தேன். ஆஸ்துமாவுக்கும் இழுப்பு, பல ஊர்களில் வலிப்புக்கும் இழுப்பு. வேண்டாம்.

இதில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா திண்ணையில் சரிந்தபோது "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கத்தியவன் நான்தான். கரையில் போட்ட கெண்டை மாதிரி வாய் திறந்து மூடியது, தாடை ஆடியது, குறட்டை போல ஒரு சத்தம். அப்புறம், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நேரம்வரை, மூச்சே இல்லை. பிறகு இன்னொன்று. சோடா தெளித்தோம், விசிறினோம், கார் தேடி ஓடினோம். மூச்சு இருக்கிற மனுஷனின் நெஞ்சை எதற்கு அழுத்துவது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எங்களுக்கு மட்டும் நேர்ந்த ஏமாற்றம் இல்லை. அமெரிக்காவில் சியாட்டல் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் இதை எண்ணிப் பார்த்தார்கள். 1992-இல் வந்த கணக்கில் இதயநிறுத்தம் ஆனவர்களில் 40 விழுக்காட்டினரிடம் இந்த இழுப்பு இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் ஊர் அது. அவசர அழைப்பை எடுப்பவரே போனில் சொல்லிச்சொல்லி அழுத்தவைக்கும் முறையை எண்பதுகளில் வளர்த்தெடுத்ததும் அங்கேதான். அவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: நினைவு இருக்கிறதா, இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் அழுத்து. 'இயல்பாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அது இல்லாமல் "மூச்சு இருக்கா?" என்று மட்டும் கேட்டால், என்னைப்போல ஒருவன் "இருக்கு" என்பான். யாராவது அழுத்தத் தொடங்கும்வரை நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஆகவே என் பரிந்துரை: பொய்மூச்சு.

பொய்ப்பசி, பொய்க்கால் போல. மூச்சின் தோற்றம் இருக்கிறது, மூச்சின் வேலை நடக்கவில்லை. சாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த இரண்டு சொற்கள்.

> 'பொய்த்தூக்கம்' என்றால் தூங்குவதுபோல் நடிப்பது. பொய்மூச்சு என்றால் ஆள் நடிக்கிறார் என்று ஆகாதா?

ஆகும். நேற்று சோதித்தே பார்த்துவிட்டேன். மன்னார்குடி அத்தைக்குப் போன் போட்டு, "அத்தை, ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார், பொய்மூச்சு விடுறார்னா உங்களுக்கு என்ன புரியுது?" என்றேன். "வர்றது மூச்சு இல்லடா, சும்மா இழுக்குது, அதானே?" என்றார். மகிழ்ச்சியாக இருந்தது. கீழே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் அதையே கேட்டேன். "வேசம் போடுதான்னு சொல்லுதீயளோ?" என்றார்.

ஒன்றுக்கு ஒன்று. இதற்கு நான் கண்ட வழி, சொல்லைத் தனியே விடாமல் தாளில் இப்படி எழுதுவது:

"தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை. மூச்சு நம்மைப்போல் சீராக வரவில்லை, விட்டுவிட்டு இழுக்கிறது. இது பொய்மூச்சு, இதயம் நின்றிருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்துங்கள். ஐந்து செ.மீ. அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை."

108-இல் போனை எடுப்பவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே வேண்டாம். "மூச்சு நம்மளப்போல சீரா வருதா, நின்னு நின்னு இழுக்குதா?" என்று கேட்டால் போதும். சொல் பயிற்சிக் கூடத்துக்கு, கேள்வி தெருவுக்கு.

'வெறுமூச்சு' என்று நேற்றிரவு ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். நடிப்புச் சந்தேகம் அதில் வராது, ஆனால் 'பெருமூச்சு' என்று காதில் விழுகிறது. போனில் இன்னும் மோசம்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு உதவி: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் 'பொய்மூச்சு', 'வெறுமூச்சு' இரண்டையும் போனில் சொல்லிக் கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே இங்கே எழுதுங்கள். நேரில் வேண்டாம், போனில்தான்.