குவாய் பாலமா, டன்கிர்க் கடற்கரையா: வீட்டில் பார்க்க எது சரி?

பழையரீல்:
போன ஞாயிறு முழுக்க மழை. 1957இல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ போர்ப் படத்தின் புளூரே வட்டைப் போட்டேன். இரண்டே முக்கால் மணி நேரம், காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் மகன் லேப்டாப்பில் கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ போட்டுக் காட்டினான், 1940இல் பிரெஞ்சுக் கடற்கரையில் சிக்கிய சிப்பாய்கள் தப்பும் கதை. 106 நிமிடம்தான், பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது. எல்லாப் பையன்களுக்கும் ஒரே முகம், ஒரே கோட்டு, யார் செத்தார் யார் பிழைத்தார் என்றே தெரியவில்லை. என் கட்சி இதுதான்: வீட்டில் உட்கார்ந்து பார்க்கப் பழைய போர்ப் படம்தான். இப்போது வருபவை தியேட்டர் சத்தத்தை நம்பி எடுத்தவை. மறுப்பவர்கள் வரலாம்.

ஐமேக்ஸ்_அருண்:
லேப்டாப்பிலா! கல்யாண விருந்தைப் பொட்டலம் கட்டி வந்து, ஆறிப்போன பிறகு பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, சமையல்காரரைத் திட்டுகிறீர்கள். நோலன் அந்தப் படத்தில் பெரும்பகுதியை, ராட்சதத் திரைக்கான ஐமேக்ஸ் பிலிமில் எடுத்தார். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணி நேரம் என்று மூன்று காலங்களைப் பின்னியிருக்கிறார். உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடுகிறவனுக்கு முன்கதை எதற்கு அண்ணே? பழைய படம் என்றால் குண்டடி பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டுத்தான் சாவான்.

பழையரீல்:
அப்படிச் சாகிற படங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குவாயில் கதையே வேறு தம்பி. அதிகாரிகள் கூலிவேலை செய்யமாட்டார்கள் என்று ஜப்பானிய முகாம் தலைவனிடம் பிடிவாதம் பிடித்துத் தகரக் கொட்டடியில் வெந்தவர், சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன். அதே மனிதர் அப்புறம் எதிரிக்காகவே முதல் தரமான பாலம் கட்டிக் கொடுத்துவிட்டு, அதைத் தம்முடையதாக நினைத்துப் பெருமைப்படுகிறார். கடைசியில் பாலத்தைத் தகர்க்கும் வெடிப்பெட்டியின் மேல் விழுகிறாரே, அது தெரிந்தா, தள்ளாடியா? ஆறு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை தெரிந்துதான் என்று தோன்றும், அடுத்த தடவை இல்லை. தியேட்டரில் இதைச் செய்ய முடியுமா?

இன்னொன்று, அந்தப் பாலமும் ரயிலும் நிஜம். முதல் நாள் கேமராக்காரர் ஒருவரின் சைகை வராததால் வெடிக்க முடியாமல் போய், மறுநாள்தான் எடுத்தார்கள். உங்கள் நோலன் கடற்கரையில் தூரத்துச் சிப்பாய்களுக்கு அட்டை நட்டு வைத்தார். கட்டவுட் வைப்பது நம் ஊர்ப் பழக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஐமேக்ஸ்_அருண்:
அதே நோலன்தான் நிஜ ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பறக்கவிட்டார், அதையும் சொல்லுங்கள். கணினியை ஆனமட்டும் தள்ளி வைத்த படம் அது. அப்படியே நிஜம்தான் அளவுகோல் என்றால், 1970இல் இயக்குநர் போண்டார்ச்சுக் ‘வாட்டர்லூ’ படத்துக்காகச் சோவியத் ராணுவத்திலிருந்து சுமார் பதினைந்தாயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார். படம் வசூலில் படுத்துவிட்டது.

அவிசாவளை:
இடையில் ஒரு சின்னத் தகவல். குவாய் படத்தில் நீங்கள் பார்க்கிற தாய்லாந்துக் காடு எங்கட இலங்கைக் காடு. கிதுல்கலவில் களனி ஆற்றங்கரையில் அந்தப் பாலத்தின் கொங்கிரீட் அடித்தளம் இன்னும் கிடக்கிறது. படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் அதில் ஏறி நின்று படம் எடுப்பார்கள். சரி, நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

வட்டுவேலு:
இரண்டு பேரும் வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்பதையே சொல்லவில்லை. குவாய், உயரம் 1 என்றால் அகலம் 2.55 என்ற சினிமாஸ்கோப் அளவில் எடுத்த படம். வீடியோ கேசட் காலத்தில் நாலுக்கு மூன்று டிவியை நிரப்பப் பக்கங்களை வெட்டினார்கள். கணக்குப் போட்டால் படத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். பாலத்தின் ஒரு முனை தெரிந்தால் மறுமுனை தெரியாது. ‘சின்ன வயதில் கேசட்டில் பார்த்த சுகம்’ என்று உருகுகிறவர்கள் பாதிப் படத்துக்குத்தான் உருகுகிறார்கள்.

புளூரே வந்தும் தொல்லை தீரவில்லை. ‘பேட்டன்’ என்ற பழைய போர்ப் படம் 2008இல் புளூரேயில் வந்தபோது பிலிமின் மணல்மணலான தன்மையை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தெடுத்தார்கள். முகமெல்லாம் மெழுகாகிவிட்டது. ரசிகர்கள் சத்தம் போட்டு, 2012இல் புதிதாகப் பிரதி எடுத்து வெளியிட்டார்கள்.

அருணுக்கும் ஒன்று. டன்கிர்க்கின் ஐமேக்ஸ் பிலிம் சட்டகம் 1.43க்கு 1, கிட்டத்தட்டச் சதுரம். வீட்டு வட்டில் அதன் மேலும் கீழும் வெட்டித்தான் டிவிக்குள் அடைத்திருக்கிறார்கள். ஆக, நீங்களும் முழு விருந்து சாப்பிடவில்லை.

சுங்கைப்பட்டாணி:
நிஜ ரயில், நிஜப் பாலம் என்று படித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பாலம் வருகிற பாதையைச் சயாம் மரண ரயில் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 1942–43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் செத்த நேசநாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவில் கும்பல் கும்பலாகப் போனார்கள், கல்லறையும் கிடையாது. 161 நிமிடப் படத்தில் அவர்கள் எங்கே?

என் தாத்தா திரும்பி வந்தவர். பிறகு ஊரில் இந்தப் படம் ஓடியபோது நண்பர்கள் அழைத்துப் போயிருக்கிறார்கள். கைதிகள் விசிலடித்துக்கொண்டே அணிவகுத்து வருவார்களே, அங்கேயே எழுந்து வந்துவிட்டாராம். பாட்டி கேட்டதற்கு, “எங்களை விசிலடித்து நடக்க யார் விட்டான்?” என்றாராம்.

பழையரீல்:
இதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் இது பழைய படங்களின் குற்றம் மட்டும் இல்லையே. டன்கிர்க்கில் கோவேறு கழுதைகளோடு இந்தியப் படைப்பிரிவுகளும் இருந்தன. 2017இல் எடுத்த படத்தில் அவர்களும் இல்லை.

ஐமேக்ஸ்_அருண்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டே வருடத்தில் வந்த ‘1917’ என்ற முதல் உலகப் போர்ப் படத்தைப் பாருங்கள். லாரிக்குள் மற்ற சிப்பாய்களோடு ஒரு சீக்கியரும் உட்கார்ந்திருப்பார். சின்ன வேடம்தான். இன்றைக்கு எடுத்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, அதனால் சேர்க்கிறார்கள். 1957இல் கேட்க யார் இருந்தார்கள்?

சுங்கைப்பட்டாணி:
கேட்க நாங்கள் இருந்தோம். யாரும் எங்களிடம் வரவில்லை.

பழையரீல்:
நேற்றிரவு மறுபடி போட்டேன். விசில் காட்சியில் நிறுத்தி, சட்டகத்தின் இரண்டு ஓரமும் தேடினேன். இல்லை. அப்புறம் மீதியையும் பார்த்தேன், நிக்கல்சன் இப்போதும் என்னை விடவில்லை. டன்கிர்க் பற்றிய கருத்திலும் மாற்றமில்லை, ஆனால் அருண் பெரிய திரையோடு அழைத்தால் வருவேன். வேலு, உங்களிடம் அந்த 2012 ‘பேட்டன்’ இருக்கிறதா? என்னிடம் இருப்பது மெழுகுப் பொம்மைதான் என்று இப்போதுதான் தெரிந்தது.